கட்டட வரைபடத்தைச் சோதிக்க வெளிப் பொறியாளர்: யார் அமர்த்துகிறார், எதைப் பார்க்கச் சொல்கிறார்?

அமெரிக்காவில் தனியார் கட்டும் கட்டடங்களின் வரைபடங்களை நகர நிர்வாகத்தின் சொந்தப் பொறியாளர்கள் மட்டும் சோதிப்பதில்லை. ஒப்பந்தம் போட்டு வெளியிலிருந்தும் பொறியாளர்களை அமர்த்திக்கொள்கிறார்கள். அப்படி ஒரு நகரம் தீர்மானம் போட்டால் மக்களிடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். பில்டர் கட்டும் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் பில்டரை எப்படிக் கேள்வி கேட்பார்? நகரத்திடம் பொறியாளர்களே இல்லையா?

இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்த வெளிப் பொறியாளரிடம் எதைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்? கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த பெரிய தவறுகளைப் புரட்டினால், திறமையில்லாத ஆய்வாளரால் நடந்ததைவிட, பார்க்கச் சொல்லாத இடத்தில் நடந்ததே அதிகம் கண்ணில் படுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் தெருவில் நிற்கும் 58 மாடிக் கட்டடம் அதற்குத் தெளிவான சான்று. அங்கே போகுமுன் அடிப்படைகள்.

## வரைபட ஆய்வில் என்ன நடக்கிறது

ஒரு பில்டர் நகரத்திடம் கொடுக்கும் கோப்பு மூன்று அடுக்காகச் சோதிக்கப்படும்.

1. நில உபயோகம். இந்த மனையில் இந்தப் பயன்பாடு, இந்த உயரம், இத்தனை வீடுகள் அனுமதிக்கத் தக்கவையா என்பது. நகரமைப்புத் துறையின் வேலை இது. பொறியியல் இதில் குறைவு.

2. மனை மேம்பாடு. மண்ணை வெட்டுவது, நிரப்புவது, மழைநீர் வடிகால், குடிநீர், கழிவுநீர்க் குழாய், சாலை இணைப்பு. சிவில் பொறியாளரின் களம்.

3. கட்டடம். அடித்தளம், தூண், சுவர், தீயணைப்பு, வெளியேறும் வழி, மின்சாரம். பெரும்பாலான மாநிலங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பை அடிப்படையாக வைத்துத் தங்கள் விதிகளை அமைத்துக்கொண்டுள்ளன.

ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் முத்திரையும் வைப்பவர் பொறுப்புப் பொறியாளர். இவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது பில்டர். வடிவமைப்பில் பிழை இருந்தால் உரிமத்தை இழக்கக்கூடியவரும் இவர்தான். நகரத்தின் ஆய்வாளர் வடிவமைப்பைத் திரும்பச் செய்வதில்லை. விதிப்படி இருக்கிறதா, கணக்கும் வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து, எண்ணிட்ட கருத்துப் பட்டியலாகத் திருப்பி அனுப்புவார். பொறுப்புப் பொறியாளர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, திருத்திய தாளை மீண்டும் தருவார். இரண்டு மூன்று சுற்று போவது சாதாரணம்.

பலரும் அறியாத ஒரு சட்ட உண்மை உண்டு. கலிஃபோர்னியாவின் அரசுச் சட்டம், அனுமதி கொடுத்ததற்காகவோ தனியார் கட்டடத்தைச் சரியாகச் சோதிக்கத் தவறியதற்காகவோ நகரத்தின் மீது இழப்பீடு கோருவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. ஆகவே பிளான் அப்ரூவல் என்பது நகரம் கொடுக்கும் உத்தரவாதம் அல்ல. வீடு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## நகரங்கள் ஏன் வெளியே தேடுகின்றன

ஒரு காரணம் நேரம். கட்டுமானம் பெருகும் ஆண்டுகளில் கோப்புகள் குவியும். அதற்கென நிரந்தரப் பணியாளர்களைச் சேர்த்தால் கட்டுமானம் படுத்த ஆண்டில் அவர்களுக்கு வேலை இருக்காது. சட்டங்களும் கெடு வைத்து நெருக்குகின்றன. டெக்சாஸில் 2019இல் வந்த சட்டப்படி மனைப் பிரிவு வரைபடங்களின் மீது 30 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவிலோ, குடியிருப்பு வரைபடச் சோதனை 30 நாளைத் தாண்டி இழுத்தால், வெளி நிறுவனத்தைத் தற்காலிகமாக அமர்த்தும்படி விண்ணப்பதாரர் நகரத்தைக் கேட்கலாம்.

இன்னொரு காரணம் நிபுணத்துவம். நிலநடுக்கப் பகுதியில் ஓர் உயரக் கோபுரத்தை, விதித்தொகுப்பில் அச்சிட்ட வரம்புகளுக்கு உள்ளேயே வடிவமைத்தால் நகரப் பொறியாளரே சோதித்துவிடுவார். கான்கிரீட் மையச் சுவரை மட்டும் நம்பி, விதி சொல்லும் உயரத்தையும் தாண்டிக் கட்ட விரும்பினால் கதை வேறு. பதிவான நிலநடுக்க அதிர்வுகளைக் கணினி மாதிரிக்குள் செலுத்தி, விநாடி விநாடியாகக் கட்டடம் எப்படி வளைகிறது, எங்கே கம்பி இளகுகிறது என்று காட்டி, விதிக்கு இணையான பாதுகாப்பு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்த மாதிரியைப் படித்துக் குறை சொல்லத் தெரிந்தவர்கள் நாட்டிலேயே குறைவு. அவர்களை ஒரு நகரம் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

## மூன்று விதமான ஏற்பாடுகள்

செய்திகளில் "வெளி ஆய்வாளர்" என்று ஒரே பெயரில் குறிப்பிட்டாலும், ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று ஏற்பாடுகள் அதற்குள் இருக்கின்றன.

அழைப்பு ஒப்பந்தம். நகரம் சில நிறுவனங்களைத் தேர்ந்து பட்டியலில் வைத்துக்கொண்டு, கோப்பு வரவர அனுப்பும். ஆய்வாளர் நகரத்தின் கையாக வேலை செய்கிறார். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பொறியாளரை விலைப்புள்ளி கேட்டுத் தேர்வது சட்டத்துக்கு விரோதம். தகுதியை முதலில் ஒப்பிட்டு ஒருவரைத் தேர்ந்த பிறகே கட்டணம் பேச வேண்டும். மத்திய அரசின் பணிகளுக்கு 1972ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டம் கொண்டுவந்த முறை இது. மிக நல்ல விதி. சோதனைக்கு மலிவான ஆளைப் பிடித்தால் கிடைப்பது மலிவான சோதனைதான்.

மறு ஆய்வுக் குழு. சிறப்பான, சிக்கலான ஒரு கட்டடத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நிபுணர்களை நகரம் அமர்த்தும். சான் ஃபிரான்சிஸ்கோவின் உயரக் கட்டடங்களுக்கு இந்த முறைதான்.

பில்டரே தேர்ந்துகொள்ளும் ஆய்வாளர். ஃபுளோரிடா 2002இல் இதைச் சட்டமாக்கியது. வரைபட ஆய்வையும் தள ஆய்வையும் உரிமையாளர் தாமே அமர்த்தும் தனியாரிடம் கொடுக்கலாம். தானோ தன் நிறுவனமோ வடிவமைத்த அல்லது கட்டிய கட்டடத்தை அந்தத் தனியார் சோதிக்கக் கூடாது. நகரம் அவர் வேலையைத் தணிக்கை செய்யலாம். டெக்சாஸில் 2023இல் வந்த சட்டம், நகரம் கெடுவைத் தாண்டி 15 நாளாகியும் முடிவு சொல்லாவிட்டால் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரிடமோ வேறொரு உள்ளாட்சியின் பணியாளரிடமோ கோப்பைக் கொடுக்க விண்ணப்பதாரருக்கு உரிமை தருகிறது. கலிஃபோர்னியாவும் 2025இல் சிறிய குடியிருப்புகளுக்கு இதே பாதையில் இறங்கியது.

முதல் இரண்டு ஏற்பாட்டிலும் ஆய்வாளரின் எசமானர் நகரம். மூன்றாவதில் பில்டர். "நகரம் சோதனையைத் தனியாருக்குத் தாரை வார்த்துவிட்டது" என்று ஒரு செய்தி சொன்னால், மூன்றில் எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

## ஒரு வடிகால் கோப்பை அருகில் பார்த்தால்

அழைப்பு ஒப்பந்தத்தில் வெளியே போகும் கோப்புகளில் கணிசமானவை வானளாவிகள் அல்ல. புதிய மனைப் பிரிவுகள், கடைத் தொகுதிகள். அவற்றில் ஆய்வாளரின் கண் முதலில் போவது மழைநீர்க் கணக்குக்கு.

சிறிய நிலப்பரப்புக்குப் பயன்படும் வாய்பாடு எளிது: வழிந்தோடும் நீர் என்பது வழிவுக் கெழு (பெய்த மழையில் மண்ணில் இறங்காமல் ஓடும் பங்கு), மழைச் செறிவு, பரப்பு மூன்றின் பெருக்கல். பரப்பை ஏக்கரிலும் செறிவை மணிக்கு அங்குலத்திலும் வைத்தால் விடை ஏறக்குறைய விநாடிக்குக் கன அடியில் வந்துவிடும். 10 ஏக்கர் புல்வெளி, கெழு 0.3, மழை மணிக்கு 8 அங்குலம் என்றால் 24 கன அடி. அதே நிலத்தில் தார் போட்டுக் கூரை எழுப்பியபின் கெழு 0.8 ஆனால் 64 கன அடி. கூடுதலாக வரும் 40 கன அடியைத் தேக்கி மெல்ல விடுவதற்காகத் தேக்கக் குளம் வெட்டச் சொல்வார்கள்.

இங்கே கோப்புகளில் அடிக்கடி அகப்படும் பிழைகள் மூன்று.

1. கட்டிய பிறகும் பழைய மழைச் செறிவையே போடுவது. தார்ச்சாலையில் நீர் வேகமாக ஓடிச் சேர்வதால் கணக்கில் எடுக்க வேண்டிய மழையின் கால அளவு குறைகிறது. கால அளவு குறைந்தால் செறிவு கூடும். மேலே சொன்ன 8 அங்குலம் 10 ஆனால் விடை 64 அல்ல, 80 கன அடி. குளம் சிறியதாகிவிடும்.

2. வெளியேறும் குழாயின் மறுமுனையைப் பார்க்காமல் விடுவது. ஓடையில் வெள்ளம் ஏறி அந்த முனை மூழ்கிவிட்டால், தாளில் கணக்கிட்ட அளவுக்குக் குளம் வடியாது. அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

3. பழைய மழை அட்டவணையைப் பயன்படுத்துவது. அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் 2018இல் டெக்சாஸுக்குப் புதிய மழை அட்டவணை வெளியிட்டபோது, ஹியூஸ்டன் வட்டாரத்தில் நூறாண்டு மழையின் 24 மணி நேர அளவு 13 அங்குலத்திலிருந்து சுமார் 18 அங்குலமாக உயர்ந்தது. நூறாண்டு மழை என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள மழை என்பதே பொருள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம்.

இவற்றைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை. நிதானமாக உட்கார்ந்து கணக்கைத் தொடக்கத்திலிருந்து பார்க்கும் ஆள் வேண்டும். ஆகவே கட்டணம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. அனுமதிக் கட்டணத்தில் இத்தனை பங்கு என்று ஒப்பந்தம் போட்டால், சீக்கிரம் முடிப்பவருக்கே லாபம். மணிக்கணக்கில் கொடுத்தால் சுற்றுகளை நீட்டத் தூண்டும். முதல் இரண்டு சுற்றுக்கு நிலையான தொகை, அதற்குமேல் மணிக்கணக்கு என்று கலந்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பில்டரின் பொறியாளர் அரைகுறையாகத் திருத்தி அனுப்பினால் கூடுதல் செலவு பில்டர் தலையில் விழும்.

## மிஷன் தெருக் கோபுரம்

சான் ஃபிரான்சிஸ்கோவில் மிஷன் தெரு 301ஆம் எண்ணில் இருக்கும் மில்லேனியம் டவர் 2009இல் முடிந்தது. 58 மாடி, 645 அடி உயரம். எஃகுச் சட்டகத்தைவிடக் கனமான கான்கிரீட் கட்டடம். 10 அடி தடித்த கான்கிரீட் மெத்தையும், அதன் கீழே சுமார் 950 பைல்களும் (மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் தூண்கள்) அதைத் தாங்குகின்றன. பைல்கள் 60 முதல் 90 அடி ஆழம்வரை இறங்கி, கொல்மா என்னும் இறுகிய மணல் அடுக்கில் நிற்கின்றன. பாறை 200 அடிக்கும் கீழே.

மணல் அடுக்கு வலுவானதுதான். அதற்கும் கீழே பழைய களிமண் அடுக்கு தடிமனாக இருக்கிறது. களிமண்ணின் மேல் கனம் ஏறும்போது அதன் துளைகளிலிருக்கும் நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். அந்த அளவுக்கு அடுக்கு சுருங்கும். பல ஆண்டுகள் நீடிக்கும் நிகழ்வு இது. ஆயுள் முழுவதற்கும் 4 முதல் 6 அங்குலம்வரை அமிழலாம் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். 2009 தொடக்கத்திலேயே 8 அங்குலத்தைத் தாண்டியது. 2016இல் செய்தி வெளியே வந்தபோது 16 அங்குலம், அதாவது 40 சென்டிமீட்டர் அமிழ்ந்து, வடமேற்காகச் சாய்ந்தும் இருந்தது.

நகரம் இந்தக் கட்டடத்தை வெளி நிபுணர்களிடம் காட்டாமல் விடவில்லை. காட்டியது. அவர்கள் கட்டமைப்புப் பொறியியலில் பெயர்பெற்றவர்கள். அவர்களுக்குக் கொடுத்த வேலை, நிலநடுக்கத்தில் கட்டமைப்பு எப்படித் தாங்கும் என்று பார்ப்பது. அதைப் பார்த்தார்கள். மண்ணையும் அமிழ்வையும் தனியே சோதிக்க மண் பொறியாளர் யாரும் அந்தக் குழுவில் சேர்க்கப்படவில்லை. பில்டரின் மண் ஆலோசகர் எழுதிய அறிக்கைக்கு இணையான இரண்டாவது கண் இல்லாமலே கோப்பு நகர்ந்தது.

கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு ஒரு பக்கக் கணக்கு போதும். பைல் கூட்டத்தைப் பைல் முனை மட்டத்தில் இருக்கும் ஒரு கற்பனை மெத்தையாக எடுத்துக்கொள்வது. கட்டடத்தின் மொத்த எடையை அதன் மேல் வைப்பது. கீழே இரண்டடி இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் ஓரடி அகலும் விகிதத்தில் எடை பரவுவதாகக் கொண்டு, களிமண் அடுக்கின் நடுவில் எவ்வளவு அழுத்தம் கூடுகிறது என்று பார்ப்பது. ஆய்வகத்தில் அதே களிமண்ணை நசுக்கி எடுத்த சுருக்க எண்ணை வைத்து அமிழ்வைக் கணக்கிடுவது. கல்லூரிப் பாடநூலில் இருக்கும் முறை. துல்லியமான விடை வராது. வரும் எண் பில்டரின் அறிக்கையில் உள்ள எண்ணைவிட இரண்டு மடங்கு என்றால், "ஏன்?" என்று எழுதிக் கேட்க அது போதும்.

அடித்தளமே காரணம் என்று ஒரு தரப்பும், பக்கத்தில் போக்குவரத்து நிலையத்துக்காகத் தோண்டி நிலத்தடி நீரை இறைத்ததே காரணம் என்று மறுதரப்பும் வழக்காடின; 2020இல் சமரசத்தில் முடிந்தது. காரணத்தின் பங்கு எதுவானாலும், மண்ணை இரண்டாவது ஆள் பார்க்கவில்லை என்ற குறை அப்படியே நிற்கிறது.

சீரமைப்பிலும் ஒரு படிப்பினை கிடைத்தது. இரண்டு தெருப்பக்கத்திலும் 52 புதிய பைல்களைப் பாறைவரை இறக்கி, எடையின் ஒரு பகுதியை அவற்றின் மேல் ஏற்றுவது திட்டம். இந்த முறை நகரம் அமர்த்திய குழு முழுமையாக ஆராய்ந்து ஒப்புக்கொண்டது. 2021இல் வேலை தொடங்கியதும் கட்டடம் மேலும் சுமார் ஓர் அங்குலம் இறங்கியது, சாய்வும் கூடியது. ஆகஸ்டில் வேலையை நிறுத்தினார்கள். வேலை முடிந்தபின் கட்டடம் நிற்கும் நிலைக்கான வடிவமைப்பு சரியாகவே இருந்தது. பைல் இறக்கும்போதே அருகிலுள்ள மண் கலைந்ததுதான் சிக்கல். முறையை மாற்றி, எண்ணிக்கையை 18ஆகக் குறைத்து, 2023இல் முடித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 10 கோடி டாலர்.

## பணம் கொடுப்பவர் யார் என்பதும் கேள்விதான்

சான் ஃபிரான்சிஸ்கோ முறையில் மறு ஆய்வுக்கான செலவு பில்டருடையது. ஆனால் ஆட்களைத் தேர்வது நகரத்தின் கட்டடத் துறை. ஆய்வாளர்கள் துறைத் தலைவரின் கீழ் வேலை செய்து அவரிடமே அறிக்கை தருகிறார்கள். பல ஊர்களில் பில்டர் முன்பணத்தை நகரத்தின் கணக்கில் கட்டிவிடுவார். நகரம் அதிலிருந்து கொடுக்கும். பணம் பில்டருடையது என்பதால் மட்டும் ஆய்வு கெட்டுவிடாது. பொது வரிப்பணத்தில் தனியார் கோபுரத்தைச் சோதிப்பதைவிட இதுவே நியாயம். ஆட்களைத் தேர்வதும் நீக்குவதும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதும் பில்டர் கைக்குப் போகும்போதுதான் கெடுகிறது.

மயாமியில் 2018 மார்ச் 15 அன்று இடிந்த பல்கலைக்கழக நடைபாலம் இதற்கு உதாரணம். அது தனியார் கட்டடம் அல்ல. மறு ஆய்வு எப்படிப் பழுதாகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை என்பதால் எடுத்துக்கொள்கிறேன். 174 அடி நீளக் கான்கிரீட் பாகம் கீழே இருந்த வாகனங்களின் மேல் விழுந்து 6 பேர் இறந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அது பதிவு செய்தவை:

1. மறு ஆய்வாளரை அமர்த்தியது வடிவமைத்த நிறுவனமே.

2. ஆய்வாளர் முதலில் கேட்டது 1,10,000 டாலரும் 10 வாரமும். முடிவானது 61,000 டாலர், 7 வாரம்.

3. அந்த வகைச் சிக்கலான பாலத்தைச் சோதிக்க மாநிலத்தின் தகுதிப் பட்டியலில் அந்த நிறுவனம் இல்லை.

4. முழுமையாகக் கட்டி முடித்த பாலத்தை மட்டும் சோதித்தார்கள். ஒரு பாகம் தனியாக நிற்கும் இடைநிலையைச் சோதிக்கவில்லை. இடிந்தது அந்த இடைநிலையில்தான்.

வடிவமைப்பாளரின் கணக்கு, பாகத்தின் வடமுனையில் சாய்ந்த உறுப்பும் தளமும் சேரும் முடிச்சில் விழும் விசையைக் குறைத்தும், அது தாங்கும் திறனைக் கூட்டியும் போட்டிருந்தது. அந்த முடிச்சுக்கு ஒரு நாள் செலவிட்டிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. பணி வரையறையில் அந்த நாள் இல்லை.

## அனுமதி கொடுத்தபின் மாறும் வரைபடம்

மறு ஆய்வு அனுமதித் தேதியோடு முடிந்துவிடுகிறது. கட்டடம் அதற்குப் பிறகுதான் எழும்புகிறது. கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று விழுந்து 114 பேர் இறந்ததற்குக் காரணமான மாற்றம் நடந்தது இந்த இடைவெளியில். இரண்டாம் மாடிப் பாதையும் நான்காம் மாடிப் பாதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதலில் வடிவமைத்தார்கள். கம்பியின் முழு நீளத்துக்கும் மரை வெட்டுவது கடினம் என்பதால் எஃகுப் பாகங்களைச் செய்யும் பட்டறைக் கட்டத்தில் இரண்டு கம்பியாக மாற்றினார்கள்: கூரையிலிருந்து நான்காம் மாடிக்கு ஒன்று, அங்கிருந்து இரண்டாம் மாடிக்கு ஒன்று. முன்பு நான்காம் மாடி உத்தரத்தின் கீழிருந்த நட்டு அந்தப் பாதையை மட்டும் தாங்கியது. மாற்றியபின் இரண்டையும் தாங்கியது. விசை இரட்டிப்பானது. முதல் வடிவமே விதி கேட்ட வலுவில் 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்றும் விசாரணையில் தெரிந்தது.

இணைப்புகளைப் பட்டறையின் பொறுப்பில் விடும் வழக்கம் இன்றும் உண்டு. பட்டறை வரைபடங்கள் பெரும்பாலும் நகரத்தின் மேசைக்கு வருவதில்லை. தவணை தவணையாக அனுமதி கொடுக்கும் நகரங்களில் இன்னொரு சிக்கல்: அடித்தளத்துக்கு அனுமதி வாங்கும்போது மேல்மாடிகளின் வரைபடம் முடிந்திருக்காது. பிறகு மேலே எடை கூடினால், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அடித்தளத்தை யார் மீண்டும் பார்ப்பது என்று ஒப்பந்தம் சொல்லியாக வேண்டும்.

## ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டியவை

நகரசபை இத்தகைய தீர்மானத்தை எடுக்கும்போது இணைப்பாக வரும் ஒப்பந்தத்தை யாரும் படிக்கலாம். அதில் தேட வேண்டியவை:

1. துறைகள். கட்டமைப்பு மட்டுமா, மண்ணும் அடித்தளமும் உண்டா, வடிகால் உண்டா? "பொதுவான ஆய்வு" என்று மட்டும் எழுதியிருந்தால் எதுவும் இல்லை என்றே பொருள்.

2. நிலைகள். முடிந்த கட்டடம் மட்டுமா, கட்டும்போதுள்ள இடைநிலைகளுமா? பக்கத்து மனையில் தோண்டுவதால் வரும் விளைவு சேருமா?

3. சுயக் கணக்கு. ஆய்வாளர் பில்டரின் கணக்கைப் படித்தால் போதுமா, முக்கிய இடங்களில் தாமே தனியாகக் கணக்கிட வேண்டுமா? பில்டரின் கணினி மாதிரியை வாங்கி ஓட்டிப் பார்ப்பது தனிக் கணக்கு ஆகாது. மாதிரியில் பிழை இருந்தால் அதே பிழைதான் திரும்பி வரும்.

4. நலன் முரண். இந்த நகரத்துக்குள் இதே பில்டருக்கு வேறு வேலை செய்பவரை விலக்குவதும், அதை ஒவ்வொரு கோப்புக்கும் எழுத்தில் வாங்குவதும். சிறிய ஊர்களில் ஒரே நிறுவனம் காலையில் நகரத்துக்கும் மாலையில் பில்டருக்கும் வேலை செய்யும் நிலை எளிதில் வந்துவிடும்.

5. கையெழுத்து போடும் ஆள். தகுதி காட்டி ஒப்பந்தம் வாங்கிய மூத்த பொறியாளர்தாம் கோப்பைப் பார்க்கிறாரா, அனுபவமில்லாத இளையவரிடம் தள்ளிவிடுகிறாரா? பெயரை ஒப்பந்தத்தில் எழுதி, மாற்றினால் நகரத்தின் ஒப்புதல் வேண்டும் என்று வைக்கலாம்.

6. முடிவெடுக்கும் அதிகாரம். ஆய்வாளர் ஆலோசனை சொல்லலாம். அனுமதியில் கையெழுத்திட வேண்டியவர் நகரத்தின் கட்டட அதிகாரி. கருத்து வேறுபாடு வந்தால் யார் தீர்ப்பது, எத்தனை நாளில் என்பதும் இருக்க வேண்டும்.

7. கருத்துப் பட்டியலின் முடிவு. ஒவ்வொரு கருத்துக்கும் எண், தாள் எண், கேள்வி, பதில், எப்படித் தீர்ந்தது என்ற ஐந்து கட்டங்கள். "பேசி முடித்தோம்" என்று மட்டும் எழுதி மூடிய வரிகள் இருந்தால் அந்தக் கோப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

8. நகரத்தின் பக்கம் ஒரு பொறியாளர். வெளியார் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள உள்ளே ஓர் ஆளாவது வேண்டும். இருக்கும் கடைசிப் பொறியாளரையும் அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் விடும் நகரத்துக்கு, எதைப் பார்க்கச் சொல்லி எழுதுவது என்றே தெரியாமல் போகும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏற்பாடு வீண் என்று சொல்ல மாட்டேன். முதலிரண்டும் இல்லாமல் மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

## சான் ஃபிரான்சிஸ்கோ மாற்றிக்கொண்டது

2017 டிசம்பரில் நகரத்தின் கட்டடத் துறை புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 240 அடியும் அதற்கு மேலும் உயரும் புதிய கட்டடங்களின் மறு ஆய்வுக் குழுவில் கட்டமைப்புப் பொறியாளரோடு மண் பொறியாளரும் இருந்தாக வேண்டும். கட்டடம் முடிந்த பிறகு பத்தாண்டுகள் அமிழ்வை அளந்துகொண்டே வர உரிமையாளர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பத்தாண்டு அளவீடு முக்கியமானது. களிமண் சுருங்குவது அனுமதிக் கெடுவுக்குள் முடிகிற காரியம் இல்லை. மில்லேனியம் டவரில் 2009 பிப்ரவரியிலேயே நகரத்தின் கட்டடத் துறை, எதிர்பார்த்ததைவிட அமிழ்வு கூடுதலாக இருப்பதாகக் குறிப்பிட்டு, கட்டமைப்புப் பொறியாளருக்குக் கடிதம் எழுதியது. பதிலும் வந்தது. அதே ஆண்டு கட்டடம் குடியேற்றத்துக்குத் திறந்தது. வீடு வாங்கியவர்களுக்கு அந்த எண்கள் ஏழு ஆண்டு கழித்தே தெரிந்தன. இப்போது அளவீட்டைக் கட்டாயமாக்கியிருப்பதால், வரும் எண்ணை வடிவமைப்பு அறிக்கையில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க நகரத்திடம் ஆவணம் இருக்கும். உயரக் கட்டடத்தில் வீடு வாங்க நினைப்பவர் கேட்டு வாங்க வேண்டிய தாள்களில் அதுவும் ஒன்று: எதிர்பார்த்த அமிழ்வு எத்தனை அங்குலம், இதுவரை அளந்தது எத்தனை, கடைசியாக அளந்த தேதி எது.